நிலவுக்குள் ஒரு சமுதாயம்

எச்.ஜி. வெல்ஸ் 1901-இல் எழுதிய விஞ்ஞான நாவல் ஒன்றில், நிலவின் உட்புறத்தே எறும்பையொத்த செலினைட்டுகள் வாழ்கின்றன. அங்கே தொழிலுக்கேற்ற உடல்! கணித வல்லுநருக்கு மூளை பருத்து, கைகால்கள் சூம்பிவிடும். எந்திரம் இயக்கவேண்டிய குஞ்சுகளை ஜாடிக்குள் அடைத்து, கைகளை மட்டும் வெளியே நீட்டி வளர்ப்பார்கள். வேலை இல்லையா? மருந்து கொடுத்துத் தூங்க வைத்துவிடுவார்கள்.

வெறும் கற்பனைதானா? வெல்ஸ், டி.எச். ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றவர். தேன்கூட்டைப் பாருங்கள். ராணியும் வேலைக்காரத் தேனீயும் ஒரேவித முட்டையிலிருந்து வருபவைதாம். புழுப் பருவத்து உணவே அவற்றைப் பிரிக்கிறது.

ஜாடிக் குஞ்சைக் கண்டு கதையில் வரும் விஞ்ஞானி கேவர் கலங்குகிறார். பிறகு, குழந்தையை மனிதனாக வளரவிட்டு அப்புறம் எந்திரமாக்கும் பூமியின் வழக்கத்துக்கு இது தேவலை என்கிறார். குத்தலான பேச்சுதான்! அந்நாளில் இங்கிலாந்தின் லங்காஷயரில் 12 வயதுச் சிறுவர்கள் பாதிநாள் பள்ளியிலும் பாதிநாள் பஞ்சாலையிலும் இருந்தார்கள்.