சளியோடு வரும் கண் பீளை

கண்ணீர் வடியும் நுண்குழாய் மூக்கினுள் சென்று முடிகிறது. சளியால் மூக்கின் உட்புறம் வீங்கும்போது அக்குழாய் அடைபட்டு, கண்ணீர் தேங்கிப் பீளை சேர்கிறது. ஆகவே, மழைக்காலத்தில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளிலிருந்து கவலையோடு வரும் பெற்றோருக்கு நாங்கள் முதலில் சொல்வது இதுவே: கண் சிவக்காமல், குழந்தை வழக்கம்போல் விளையாடினால், பீளை பெரும்பாலும் சளியோடு தானே தணியும். தூய்மையே முதல் மருந்து.

கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் மூக்கோரத்திலிருந்து வெளிப்புறமாக ஒருமுறை துடைத்து, அதை எறிந்துவிடுங்கள்; அடுத்த முறைக்குப் புதுப் பஞ்சு எடுங்கள். காய்ந்த பீளையைப் பெயர்க்காதீர்கள். ஈரப் பஞ்சைச் சற்று வைத்தால் இளகிவிடும். குழந்தையின் துண்டைப் பிறர் பயன்படுத்தலாகாது.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், மை ஆகியவற்றைக் கண்ணில் இட வேண்டாம். முன்பு வாங்கி மீந்த சொட்டு மருந்தும் கூடாது. அதில் ஸ்டீராய்டு இருந்தால் சில தொற்றுகள் முற்றிவிடும்.

கண் சிவந்தாலோ, மஞ்சள் பீளை துடைக்கத் துடைக்க வந்தாலோ, குழந்தை காதைப் பிடித்து அழுதாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரே கிருமி கண்ணையும் நடுச்செவியையும் தாக்குவதுண்டு. இமை வீங்கிக் காய்ச்சல் அடித்தாலும், வெளிச்சம் கண்டு கண் கூசினாலும் இரவென்று பாராமல் உடனே அழைத்து வாருங்கள்.