முதலாளியின் பதிவும் தொழிலாளியின் முதுமையும்

உழைத்துண்ணும் காலம் மனித வாழ்வின் ஒரு பகுதியே. கை தளர்ந்து கண் மங்கியபின் உள்ள காலம் மற்றொரு பகுதி. முன்னதில் ஈட்டியதன் ஒரு கூற்றைப் பின்னதற்கென எடுத்து வைத்தல் அறிவுடையோர் செயல். ஆயின், அன்றாடக் கூலி அன்றாட அடுப்புக்கே போதாத ஒருவன் அங்ஙனம் எடுத்துவைக்க வல்லனோ? வல்லன் அல்லன் என்று கண்டே பல நாடுகள் அச்சேமிப்பைச் சட்டத்தின் மூலம் கட்டாயமாக்கின. அச்சட்டத்தின் பயன் தொழிலாளியைச் சென்றடைவதற்கு முதற்படி, அவனை வேலைக்கமர்த்தியவர் தம்மை அரசாங்கத்திற் பதிவுசெய்து கொள்ளுதலாகும். அப்பதிவு யாது, அதனைச் செய்யும் முறை யாது, செய்யாதொழியின் விளையும் கேடு யாது என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

தொழிலாளர் காப்பு உலகில் இருவகையாய் வளர்ந்துள்ளது. ஒன்று காப்புறுதி முறை. பிரித்தானியா 1911ஆம் ஆண்டிலேயே நோய்க்கும் வேலையின்மைக்கும் காப்புறுதிச் சட்டம் இயற்றிற்று. அமெரிக்காவில் 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து, மாநிலங்கள் முதலாளிமாரிடம் சம்பளக் கணக்கின்படி வேலையின்மை வரி அறவிடுகின்றன. அங்கே ஆட்களை அமர்த்தித் தொழில் தொடங்குவோர் தம் மாநிலத்தில் அதற்கெனப் பதிவுசெய்தல் வேண்டும். மற்றொன்று சேமலாப நிதி முறை. இதனை மலாயா 1951இலும், இந்தியா 1952இலும், சிங்கப்பூர் 1955இலும், இலங்கை 1958இலும் மேற்கொண்டன. முன்னதிற் பணம் பொதுக் குளத்திற் சேரும். பின்னதில் அவரவர் பெயரிலுள்ள கணக்கிற் சேரும். வேலையின்மைக் காப்புறுதி நம் நாட்டில் இல்லாமையால், இச்சேமிப்பே நம் தொழிலாளிக்குப் பெருந்துணையாகின்றது.

டி. பி. இலங்கரத்ன தொழில் அமைச்சராயிருந்த காலத்தில், 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நிறைவேறியது. இன்று அதன்படி தொழிலாளியின் சம்பாத்தியத்தில் நூற்றுக்கு 8 பங்கு அவர் கூறாகவும், 12 பங்கு முதலாளியின் கூறாகவும் செலுத்தப்படல் வேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தால் ஊழியர் நம்பிக்கை நிதி தோன்றியது. அதற்கு முதலாளி மட்டும் 3 பங்கு செலுத்துவார். தொழிலாளியிடம் யாதும் பெறலாகாது. ஒருவர் மாதச் சம்பாத்தியம் 30,000 ரூபாவாயின், அவரிடம் கழிப்பது 2,400 ரூபா. முதலாளி சேமலாப நிதிக்குத் தருவது 3,600 ரூபா. நம்பிக்கை நிதிக்குத் தருவது 900 ரூபா. ஆக, மாதந்தோறும் 6,900 ரூபா அவர் பெயரிற் சேரும். சேமலாப நிதியைப் பொதுவாக ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் மீளப் பெறலாம். நம்பிக்கை நிதியையோ வேலையை விட்டு நீங்கியதும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்னும் வரையறைக்குட்பட்டு, வயது நோக்காது பெறலாம். வேலையிழந்தார்க்கு இது சிறிதேனும் ஊன்றுகோலாகும்.

பதிவுசெய்ய வேண்டியவர் யாவர்? பெருந்தோட்டக் கம்பனிகள் மட்டுமே என்று கருதுவார் பலர். அஃது தவறு. மஸ்கெலியாக் கடைத்தெருவில் ஒரே ஒரு உதவியாளரை வைத்திருக்கும் தேநீர்க்கடைக்காரரும் பதிவுசெய்தல் வேண்டும். குடும்பத்தவர் மட்டுமே உழைக்கும் தொழில், வீட்டுப் பணி, பத்துப் பேருக்குக் குறைந்தோரை அமர்த்திய தரும நிறுவனம் முதலிய சிலவே சேமலாப நிதிச் சட்டத்திற்குப் புறம்பானவை. தற்காலிக ஊழியர், துண்டுக்கணக்கில் ஊதியம் பெறுவோர் என்னும் வேறுபாடு இங்கில்லை. மேலதிக நேரக் கொடுப்பனவு நீங்கலாக, வாழ்க்கைச் செலவுப் படியும் உணவின் பெறுமதியும் சம்பாத்தியத்துட் சேர்த்தே கணக்கிடப்படும்.

முறையும் அரிதன்று. முதலாளி ‘டீ’ படிவத்தை நிரப்பி, வர்த்தகப் பெயர்ப் பதிவுச் சான்றிதழின் பிரதியோடு தொழில் அலுவலகத்திற் கொடுத்தல் வேண்டும். நம் பகுதியார்க்கு அது அட்டனில் உள்ளது. அதன்பின் அவருக்கு ஓர் இலக்கம் வழங்கப்படும். ஒவ்வொரு தொழிலாளிக்கும் தனி உறுப்பினர் இலக்கம் கொடுத்து, அவர் இறப்பின் பணத்தைப் பெறவேண்டியவர் பெயரையும் எழுதுவித்தல் வேண்டும். ஒரு மாதத்திற்குரிய பணம் அடுத்த மாத முடிவுக்குள் ‘சீ’ படிவத்தோடு மத்திய வங்கியைச் சேர்தல் வேண்டும். நம்பிக்கை நிதிக்கான பணம் அதற்குரிய சபைக்குத் தனியே செல்லும்.

தாமதித்தால், காலத்துக்கேற்ப நூற்றுக்கு 5 முதல் 50 வரை மேலதிகக் கட்டணம் ஏறும். பின்னும் செலுத்தாதார் நீதவான் முன் நிற்க நேரிடும். முதலாளி தம் கூற்றைத் தொழிலாளியின் சம்பளத்திற் கழிக்கலாகாது. உரிய காலத்திற் கழிக்கத் தவறிய 8 பங்கையும் பின்னொருநாட் சேர்த்துக் கழிக்கலாகாது. தம் தவற்றுக்குத் தாமே பொறுப்பு என்பது இதன் பொருள்.

‘சம்பளத்திற் பிடிக்கிறார்கள்’ என்று நம் மக்கள் மனங்கசந்து கூறுவதுண்டு. உள்நாட்டிறைவரித் திணைக்களத்துக்குச் செல்லும் வருமான வரி அரசினர்க்குரியது. இதுவோ வரியன்று, தொழிலாளியின் பணம், அவருக்கே மீளும் பணம். எனவே இதனைக் கழித்தும் செலுத்தாதார் அரசை அன்று, ஏழையின் முதுமையையே வஞ்சிக்கின்றார்.

பதிந்தால் மட்டும் போதாது. பெயரைப் பிழையறப் பதிதலும் வேண்டும். என் அன்னையார் ஒரு தோட்டத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கொழுந்தெடுத்தவர். செக்ரோலில் அவர் பெயர் செல்லம்மாள். அடையாள அட்டையிற் செல்லாயி. இருவரும் ஒருவரே என்று நிறுவுவதற்குப் பிறப்புப் பதிவு தேடியும், கிராம உத்தியோகத்தரைக் கண்டும், சத்தியக்கடதாசி முடித்தும் பதினொரு மாதம் அலைந்தோம். “ஏந்தம்பி, இத்தனை வருஷமா கொழுந்தெடுத்தது நாந்தாங்கிறதுக்கும் கடுதாசி வேணுமா?” என்று அவர் ஒருநாட் கேட்டார். பட்டதாரியாகிய என்னிடம் விடையில்லை. இது ஒரு தாயின் கதையன்று. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமையற்றவராய், பத்திரங்களைக் காலந்தாழ்த்திப் பெற்ற ஒரு சமுதாயத்தின் கதை. எஞ்சியோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது. அதற்கிடையில் ஒருவர்க்கே பல ஏடுகளிற் பல பெயர்கள் ஏறிவிட்டன.

இன்று லயத்துப் பிள்ளைகள் பலர் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குச் செல்கின்றனர். சிலர் பத்தாண்டு உழைத்து வெறுங்கையோடு திரும்புகின்றனர். அவர்களை அமர்த்தியவர் பதிவுசெய்யவில்லை, அவர்களும் கேட்கவில்லை. கேட்கும் உரிமை உண்டென்று சொல்லிக்கொடுக்க வேண்டியவர் ஆசிரியராகிய யாமே அன்றோ? மாணவர்காள், வேலையிற் சேரும் முதல்நாளிலேயே உங்கள் உறுப்பினர் இலக்கம் யாதென வினவுங்கள்; அடையாள அட்டையிலுள்ளபடியே பெயரெழுதக் கேளுங்கள். வணிகராய் விளங்கும் பழைய மாணவர்களே, உங்கள் கடையில் ஒருவர் உழைப்பினும் இன்றே பதிவுசெய்யுங்கள். விடுமுறைக்கு ஊர் செல்வோர் தம் பெற்றோரின் பத்திரங்களை ஒருமுறை ஒப்புநோக்குக. அவர்கள் ஓய்வுபெறுமுன் திருத்தப்படும் ஓர் எழுத்து, அவர்தம் முதுமையில் ஓராண்டு அலைச்சலைத் தவிர்க்கும்.