பழைய கேமரா: சொத்தா, செலவா?

மதுராந்தகத்துல ஏதாவது ஒரு பழைய ஸ்டுடியோ பீரோவுல 'பென்டாக்ஸ் எம்இ-எஃப்' கேமரா கிடைச்சா, உடனே ஜாக்பாட்னு குதிக்காதீங்க.

1981-ல் வந்த இது, ஆட்டோஃபோகஸ் வசதியோட வந்த ஆரம்பகால ஃபிலிம் எஸ்எல்ஆர்களில் ஒன்று. காட்சி தெளிவா இருக்கான்னு பாடியில் உள்ள சென்சார் பார்க்கும்; லென்ஸுக்குள்ள இருக்கிற மோட்டார் அதைச் சரிசெய்யும். அந்த மோட்டாரோட வந்தது ஒரே ஒரு லென்ஸ்தான்: 35-70 மி.மீ. ஆனா சந்தையில் ஜெயிச்சது, 1985-ல் மோட்டாரை பாடிக்குள்ளயே வச்ச மினோல்டா 7000.

வாங்கும்முன் மூணு கேள்வி: அந்த லென்ஸ் கூடவே இருக்கா? பேட்டரி கசிஞ்சிருக்கா? லென்ஸில் பூஞ்சை இருக்கா? வேற லென்ஸ் போட்டா, ஃபோகஸ் சரின்னு விளக்கு மட்டும்தான் எரியும். வளையத்தை நீங்கதான் திருப்பணும்.

அடுத்து கணக்கு. ஒரு ரோலில் 36 படம். ரோல் விலை, டெவலப்பிங், ஸ்கேன் எல்லாத்தையும் கூட்டி 36-ஆல் வகுங்க. அதுதான் ஒரு கிளிக்கோட செலவு.

அபூர்வமா இருந்தா மட்டும் விலை வராது. வாங்க ஆள் இருந்தாத்தான் வரும். ஆசைப்பட்டா போனஸ்ல வாங்குங்க, எஸ்ஐபி-யை நிறுத்தி வாங்காதீங்க!