துவரம்பருப்பில் ஒரு கோடிப் புள்ளிகள்

அக்கா மகள் கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தாள். சாயங்காலம் டீயோடு மொட்டை மாடிக்கு ஏறி வந்தவளின் இன்னொரு கையில் என் பழைய கேமராக்கள் இரண்டும் தொங்கின. பீரோவின் கீழ்த்தட்டில், கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில் வருஷக்கணக்காகத் தூங்கியவை. அவள் வயதுப் பிள்ளைகளிடம் இந்தச் சின்ன டிஜிட்டல் கேமராக்களுக்கு இப்போது திடீர் மவுசு. போனில் வராத ஒரு 'லுக்' இதில் வருகிறதாம்.

"மாமா, இந்த வெள்ளிக் கலர்ல 6 மெகாபிக்சல்னு போட்டிருக்கு. கறுப்புல 12. கறுப்ப நான் எடுத்துக்கட்டுமா?"

"ரெண்டுலயும் உங்க ஆச்சி விளக்கேத்துற படம் இருக்கு. அதப் பார்த்துட்டுச் சொல்லு" என்றேன்.

மடிக்கணினியில் இரண்டையும் திறந்தேன். வெள்ளிக் கேமரா 2007-இல் எடுத்தது, கறுப்பு 2009-இல். அதே திண்ணை, அதே அந்தி, அதே கார்த்திகை. வெள்ளி எடுத்த படத்தில் கொஞ்சம் மணல் தூவினாற்போல் இருந்தாலும் ஆச்சியின் நரைமுடி இழை இழையாகத் தெரிந்தது. கறுப்பு எடுத்ததில் முடி பஞ்சுருண்டையாகத் திரண்டு, சேலைக் கரையின் சரிகை கரைந்து, முகம் மெழுகு பூசியதுபோல் இருந்தது.

"பெரிய நம்பர்தான் மோசமா இருக்கு!"

அந்தப் பெரிய நம்பருக்காகத்தான் நான் அன்றைக்குக் காசு கொடுத்தேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே ஆரம்பித்தேன்.

ஒரு மெகாபிக்சல் என்றால் 10 லட்சம் புள்ளி. 12 மெகாபிக்சல் என்றால் படம் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகளால் ஆனது. கேட்கப் பிரமாதம். ஆனால் 6-லிருந்து 12-க்குப் போனால் தெளிவு இரட்டிப்பதில்லை. புள்ளிகள் நீளம், அகலம் இரண்டு பக்கமும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒவ்வொரு பக்கத்திலும் கூடுவது சுமார் 41 சதவீதம்தான். நுணுக்கம் இரு மடங்காக வேண்டுமென்றால் மெகாபிக்சல் நான்கு மடங்காக வேண்டும். அதோடு, ஆல்பத்தில் ஒட்டுகிற 4-க்கு 6 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று நன்றாகவே அச்சிட 22 லட்சம் புள்ளி போதும். சுவரில் மாட்டும் 8-க்கு 12 அங்குலப் படத்துக்கு 86 லட்சம். 4கே டிவி முழுத்திரையே 83 லட்சம் புள்ளிதான்.

"சரி மாமா, கூடுதலா இருந்தா தேவைப்படாமப் போகட்டும். கெட்டுப்போகுமா என்ன?"

நல்ல கேள்வி. பதில் அந்தப் புள்ளிகள் குடியிருக்கிற இடத்தில் இருக்கிறது. லென்ஸுக்குப் பின்னால் ஒளியை வாங்கிக்கொள்ளும் சில்லுக்கு சென்சார் என்று பெயர். கறுப்பு கேமராவின் சென்சார் 6.2-க்கு 4.6 மில்லிமீட்டர், அதாவது சுமார் 28 சதுர மில்லிமீட்டர். துவரம்பருப்பு ஒன்றை வைத்தால் ஏறக்குறைய மூடிவிடும். வெள்ளியின் சென்சார் சுமார் 43. கல்யாண வீட்டுப் புகைப்படக்காரர் தோளில் தொங்கும் ஃபுல் ஃபிரேம் கேமராவில் 864. தீப்பெட்டியின் மேல்பக்கத்தில் பாதிக்குப் பக்கம். கறுப்பில் பருப்புக்குள் 1 கோடியே 20 லட்சம், வெள்ளியில் அதைவிடப் பெரிய இடத்தில் 63 லட்சம். கணக்குப் போட்டால் கறுப்பின் ஒரு புள்ளிக்குக் கிடைத்த இடம் வெள்ளியின் புள்ளிக்குக் கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்கு.

இந்த விவரத்தைப் பெட்டியில் ஏன் போடவில்லை என்று கேட்டாள். போட்டிருந்தார்கள், யாருக்கும் புரியாதபடி. கறுப்பின் பெட்டியில் '1/2.3 அங்குலம்' என்று இருந்தது. ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர், அதை 2.3-ஆல் வகுத்தால் 11 வருகிறது. ஆனால் அந்தச் சென்சாரை மூலைக்கு மூலை அளந்தால் 8 மில்லிமீட்டர்கூட இல்லை. எங்கே போயிற்று மீதி? இது பழைய டிவி கேமராக்களின் விடிகான் குழாயிலிருந்து வந்த அளவு. கண்ணாடிக் குழாயின் வெளி விட்டத்தைத்தான் அன்றைக்கு அங்குலத்தில் சொன்னார்கள். ஒரு அங்குலக் குழாய்க்குள் படம் விழும் பகுதி சுமார் 16 மில்லிமீட்டர்தான். குழாய் போய்ச் சில்லு வந்து எத்தனையோ வருஷமாகியும், இல்லாத குழாயின் விட்டத்தைச் சொல்லித்தான் இன்றைக்கும் சென்சார் விற்கிறார்கள். இடித்துவிட்ட வீட்டின் கதவு எண்ணுக்கு இன்னும் கடிதம் வருகிற மாதிரி. இந்தக் குழப்பத்துக்குப் பக்கத்தில் 6, 8, 10, 12 என்று ஒரு முழு எண் இருந்தால் வாங்குகிறவர் எதைப் பார்ப்பார்? கடைக்காரரும் அதைத்தான் சொன்னார், நானும் அதைத்தான் கேட்டேன்.

சின்னப் புள்ளியில் என்ன கெடுகிறது என்பதற்கு மாடித் தரையையே காட்டினேன். எங்கள் மாடியில் பாதி பெரிய தட்டோடு, மீதி உடைந்த சில்லோடு. தூறல் ஆரம்பிக்கும்போது கவனித்தால் தெரியும்: சின்னச் சில்லு ஒன்றில் மூன்று சொட்டு, பக்கத்தில் ஒன்றுமே இல்லை, அதற்கடுத்ததில் ஒன்று. பெரிய ஓட்டில் ஒன்றுக்கொன்று அவ்வளவு வித்தியாசம் தெரியாது. ஒளியும் இப்படித் துளித்துளியாகத்தான் விழுகிறது. சராசரியாக 10,000 துளி விழுகிற இடத்தில் 100 கூடும், குறையும். ஒரு சதவீதம், கண்ணுக்குத் தெரியாது. 100 துளிதான் விழுகிறது என்றால் 10 கூடும், குறையும். அது பத்து சதவீதம். ஒரே நிறமாக இருக்கவேண்டிய சுவர் மணல் தூவியதுபோல் ஆவது இதனால்தான். இது கேமரா செய்தவரின் குற்றமில்லை, ஒளியின் சுபாவம்.

மழை கொட்டினால் இந்தப் பேதமே இல்லை. சில்லும் ஓடும் ஒரே மாதிரி நனையும். பட்டப்பகல் வெயிலில் எந்தச் சின்ன கேமராவும் நல்ல பெயர் வாங்கிவிடுவது அப்படித்தான். அந்தி, கல்யாண மண்டபம், ஆச்சியின் அகல்விளக்கு என்று வரும்போதுதான் சாயம் வெளுக்கிறது.

"அப்ப அந்த மணல் கறுப்புலதானே அதிகம் இருக்கணும்? அதுல மழமழன்னுல்ல இருக்கு?"

அவள் கண் கூர்மை எனக்குப் பிடித்திருந்தது. மணல் அதிகம்தான் இருந்தது. கேமராவுக்குள் இருக்கிற மென்பொருள் அதைத் தேய்த்துவிட்டது. அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கலந்து சமப்படுத்துவதுதான் அதன் வேலை. அதற்கு மணல் எது, நரைமுடி எது, சரிகை எது என்று தெரியாது. பொடிப்பொடியாக இருந்தால் தேய்க்கும். 12 மெகாபிக்சலுக்குக் கொடுத்த நுணுக்கத்தை எடுத்த அதே நொடியில் கேமராவே அழித்துவிட்டது என்றால் யாரிடம் போய்ச் சொல்வது.

இன்னொரு சங்கதி லென்ஸில். கோலம் போடுகிறவளுக்கு உடனே புரியும். விரலிடுக்கிலிருந்து விழும் மாவுக் கோட்டுக்கு ஒரு தடிமன் உண்டு. புள்ளிகளை அந்தத் தடிமனைவிட நெருக்கி வைத்தால் கோலம் நுணுக்கமாகாது, அப்பிக்கொள்ளும். லென்ஸுக்கும் அப்படி ஒரு தடிமன் இருக்கிறது. ஒளி அலையாக இருப்பதால், எவ்வளவு உயர்ந்த லென்ஸாக இருந்தாலும் ஒரு நட்சத்திரத்தை ஊசிமுனையாகக் குவிக்க முடியாது. சின்ன வட்டமாகத்தான் விழும். எஃப் 2.8 திறப்பில், பச்சை ஒளிக்கு, அந்த வட்டம் சுமார் 3.8 மைக்ரான். கறுப்பின் ஒரு புள்ளியின் அகலம் ஒன்றரை மைக்ரான்தான். ஜூம் பண்ணினால் இந்தக் கேமராக்களின் திறப்பு தானாகவே எஃப் 5.6 பக்கம் சுருங்கும், வட்டம் 7.5 மைக்ரானாகிவிடும், புள்ளியைப்போல் ஐந்து மடங்கு அகலம். மாவு தடிமனாகிக்கொண்டே போக, புள்ளியை நெருக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

கோலம் என்றதும் சென்சாருக்குள்ளேயே இருக்கும் ஒரு கோலம் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு பிக்சலும் ஒரு நிறத்தை மட்டுமே பார்க்கும்; பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். மற்ற நிறங்களை அக்கம்பக்கம் கேட்டுக் கணினி ஊகிக்கிறது. கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. பச்சைப் புள்ளிகளை மட்டும் தனியே வரைந்து பாருங்கள், அப்பட்டமான ஊடுபுள்ளிக் கோலம்.

இரண்டாவது டீ வந்தது. இந்த மெகாபிக்சல் பந்தயம் எப்படி ஓடியது என்பதற்கு நல்ல சாட்சி கேனானின் பவர்ஷாட் ஜி வரிசை. விவரம் தெரிந்தவர்கள் தேடி வாங்கிய சின்ன கேமரா. 2004-இல் வந்த ஜி6-இல் 7.1 மெகாபிக்சல், லென்ஸ் எஃப் 2 வரை திறக்கும். 2006-இல் ஜி7 வந்தபோது மெகாபிக்சல் 10 ஆனது, லென்ஸின் திறப்பு எஃப் 2.8-க்குச் சுருங்கியது; உள்ளே வரும் ஒளி பாதி. 2007-இல் ஜி9, 12.1. 2008-இல் ஜி10, 14.7. ஒரு வருஷம் கழித்து 2009-இல் ஜி11 வந்தது, 10 மெகாபிக்சலோடு! புது மாடலில் எண்ணைக் குறைத்து, அதையே பெருமையாகச் சொல்லி விற்றார்கள். வருஷாவருஷம் ஏறிக்கொண்டிருந்த ஏணியில் ஒரு பெரிய நிறுவனம் தானாக இறங்கியது எனக்கு இன்றைக்கும் வியப்புதான். ஃபியூஜிஃபிலிம் 2006-இலேயே எஃப்30 என்று 6.3 மெகாபிக்சல் கேமரா ஒன்றைக் கொண்டுவந்து, இருட்டில் எடுப்பவர்களின் செல்லமாக்கி வைத்திருந்தது. பாவம், அடுத்த வருஷமே எஃப்50-க்கு 12 என்று தானும் ஓடப் போய்விட்டது.

இவ்வளவும் சொன்னால் "அப்ப கம்மி மெகாபிக்சல்தான் நல்லது" என்று அவள் முடிவு கட்டுவாள் என்று தெரியும். கட்டினாள். அதுவும் தப்பு.

ஏணியின் உச்சியில் இருந்த அந்த ஜி10-ஐயே எடுத்துக்கொள்ளலாம். 2008-இல் கனடாப் புகைப்படக்காரர் மைக்கேல் ரைக்மன் அதையும், ஹாசல்பிளாட் கேமராவின் முதுகில் பூட்டிய 39 மெகாபிக்சல் சென்சார் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்து, 13-க்கு 19 அங்குலத்தில் அச்சிட்டு, தொழிலில் பழுத்தவர்களிடம் காட்டினார். எது எது என்று பிரித்துச் சொல்ல அவர்களே திணறினார்கள். நல்ல வெளிச்சத்தில், முக்காலியில் வைத்து, ஒளியுணர்வைக் (ஐஎஸ்ஓ) கூட்டாமல் எடுத்தவை அவை. கொட்டுகிற மழையில் சில்லுக்கு என்ன குறை?

அடுத்து 2012-இல் சோனியின் ஆர்எக்ஸ்100 வந்தது. சட்டைப்பையில் போடலாம், 20.2 மெகாபிக்சல், படமோ ஜி11-ஐவிட நன்றாக வந்தது. ரகசியம் ஒன்றுமில்லை, சென்சார் 116 சதுர மில்லிமீட்டர், லென்ஸ் எஃப் 1.8. எஃப் 2.8 லென்ஸில் வருவதைப்போல் இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவான ஒளி உள்ளே வரும். தரை மொத்தம் எவ்வளவு, அதன்மேல் எவ்வளவு மழை என்பதுதான் முதல் கணக்கு. அதை எத்தனை சில்லாக உடைத்திருக்கிறோம் என்பது இரண்டாவது. சில்லு பொடியாக இருந்தாலும் நான்கைந்தைச் சேர்த்துப் பார்த்தால் பெரிய ஓடு மாதிரிதான். படத்தைச் சுருக்கினால் மணலும் பெருமளவு அடங்கும். முழுக்க அடங்காது. ஒவ்வொரு புள்ளியையும் படிக்கும்போது மின்சுற்று தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சல் சேர்க்கிறது. என் கறுப்பு கேமரா காலத்துச் சென்சார்களில் ஒளி வரும் பக்கத்திலேயே மின்சுற்றும் இடம் பிடித்துக்கொள்ளும். துணி காயும் கொடிக்கயிறுகளுக்கு அடியில் வடாம் காயவைத்த கதை, பாதி வெயில் துணிக்கு. பிறகு சென்சாரையே குப்புறப் போட்டுப் பின்பக்கமாக ஒளி வாங்கும் முறை சந்தைக்கு வந்தது. சோனி அதை 2009-இல் சின்ன கேமராக்களில் கொண்டுவந்தது. வடாம் மேலே, கொடி கீழே. அதற்கப்புறம் சின்னப் புள்ளியைப் பற்றிய பயம் பாதி குறைந்தது.

"என் போன்ல 108 மாமா."

அந்த 108-இல் ஒன்பது ஒன்பதாகச் சேர்த்து 12 ஆக்கித்தான் உனக்குப் படம் தருகிறது என்றேன். பெட்டியில் 200 போட்ட போன்களில் பதினாறைச் சேர்த்து 12.5. அவள் நம்பாமல் போனை எடுத்துப் படத்தின் விவரத்தைப் பார்த்தாள். 4000-க்கு 3000. ஒன்றும் சொல்லாமல் டீயைக் குடித்தாள்.

ஆன்லைனில் பெயர் தெரியாத கம்பெனிக் கேமராக்கள் மலிவு விலையில் 48, 64 என்று வருகின்றனவே, அவற்றைப் பற்றியும் கேட்டாள். பலவற்றில் சென்சாரில் உள்ள நிஜப் புள்ளிகள் அதில் கால்பங்குகூட இருக்காது. இருக்கிற புள்ளிகளுக்கு நடுவே மென்பொருளே புள்ளி செருகிக் கணக்குக் காட்டும். பாலில் தண்ணீர் ஊற்றினாலாவது டீ போடலாம்.

பழைய கேமரா வாங்கத்தான் வேண்டும் என்றால் மூன்றே விஷயம் பார் என்றேன். சென்சாரின் அளவை அங்குலத்தில் இல்லாமல் மில்லிமீட்டரில் தேடிக் கண்டுபிடி. லென்ஸ் விளிம்பில் 1:2.8 என்பதுபோல் எழுதியிருக்கும், அந்த இரண்டாவது எண் சிறியதா பார். பிறகு விற்கிறவரின் வீட்டுக்குள்ளேயே, ட்யூப்லைட் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் போடாமல் யாருடைய தலைமுடியையாவது எடுத்து முழு அளவுக்குப் பெரிதாக்கு. மெகாபிக்சல் 5-க்கு மேல் இருந்தால் அந்த எண்ணைப் பார்க்கவே வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குத் தயக்கம். அவள் தேடுகிற அந்த 'லுக்' இருக்கிறதே, அது அசலோடு ஒட்டாத நிறம், வெளுத்துப்போன வானம், முகத்தில் அறைகிற ஃப்ளாஷ். நாங்கள் குறை என்று திட்டியதெல்லாம்தான். அவளுக்கு ஒருவேளை கறுப்பேதான் பொருத்தமோ என்னவோ.

ஆனால் அவள் வெள்ளியை எடுத்துக்கொண்டாள். ஆச்சியின் முடி தெரிகிறதே, அதற்காக. சார்ஜரும் அதிசயமாகக் கிடைத்துவிட்டது. கீழே இறங்கப்போனவள் படியில் நின்று, பக்கவாட்டு மூடியைத் திறந்து, உள்ளிருந்து நகம் அகலத்தில் ஒரு அட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மாமா, இது என்ன கார்டு? என்கிட்ட இருக்குற எதுலயும் நுழையாது போலயே?"

எக்ஸ்டி கார்டு. அதைத் தயாரிப்பதை நிறுத்தி வருஷங்கள் ஆகின்றன. அதற்கான ரீடர் ஒன்று வீட்டில் எங்கோ இருக்கிறது. பீரோவில் மறுபடி கல்யாணப் பத்திரிகைகளைக் கலைக்க வேண்டும்.