கிரேக்கமும் ரோமாபுரியும் நமக்கு எதற்கு?



கீழ் டிவிசனில் கவ்வாத்து வெட்டும் தகப்பனார் ஒருவர் சம்பள நாளன்று எமது காரியாலயத்துக்கு வந்தார். கையில் ஒரு கடிதம். அவருடைய மகளை நெடுந்தீவில் கட்டிக் கொடுத்திருக்கிறது. "ஐயா, இந்தப் புள்ள உயர்தரம் பாஸ் பண்ணினது. இப்ப வீட்டுல இருந்துகிட்டே டிகிரி படிக்கப் போறேன்னு எழுதியிருக்கு. நல்லதுதான். ஆனா கிரேக்கமும் ரோமாபுரியுமாம்! இங்கிலீசு, கணக்குன்னா ஒரு தொழிலுக்காவது ஆகும். இதுக்குப் போய்க் காசு கட்டச் சொல்லுது" என்றார்.

அன்று நாம் சொன்ன பதில் எமக்கே திருப்தியாக இல்லை. ஆகவே கிடைத்த புத்தகங்களைத் தேடிப் படித்தோம். அவருக்குச் சொல்ல வேண்டியதை எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறோம். வேறு வீடுகளிலும் இந்தக் கேள்வி வரலாம்.

முதலில் ஒன்று. கிரேக்கம், ரோமாபுரி என்றதும் ஏதோ கேள்விப்படாத ஊர் என்று நினைக்க வேண்டாம். 'ராஜா ராணி' படத்தில் சிவாஜி கணேசன் சாக்ரடீசாக வந்து விஷம் குடித்ததும், 'சொர்க்கம்' படத்தில் சீசராக நின்றதும் வயது போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தச் சாக்ரடீஸ் கிரேக்கத்தின் ஏதென்ஸ் நகரத்துக்காரர். சீசர் ரோமாபுரிக்காரர். இந்த இரண்டு நாட்டாரும் எப்படி வாழ்ந்தார்கள், எப்படி ஆண்டார்கள், எதற்குச் சண்டை போட்டார்கள் என்பதுதான் பாடம். நம் நாட்டு உயர்தரப் பரீட்சையிலேயே 'கிரேக்க உரோம நாகரிகம்' என்று ஒரு பாடம் இருக்கிறது. களனிப் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு துறையும் உண்டு.

வீட்டில் இருந்து படிப்பதும் புதிய விஷயம் அல்ல. இலண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டிலேயே வெளிவாரி முறையைத் தொடங்கியது. எங்கே இருந்து படித்தாலும் பரீட்சையில் தேறினால் பட்டம் என்பது அதன் ஏற்பாடு. கொழும்பில் 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்தவர்களும் இலண்டன் பட்டத்துக்குத்தான் பரீட்சை எழுதினார்கள். 1942இல்தான் இலங்கைக்கு என்று சொந்தப் பல்கலைக்கழகம் வந்தது. இப்போது பேராதனை போன்ற பல்கலைக்கழகங்கள் வெளிவாரிக் கலைமாணிப் பட்டம் நடத்துகின்றன. நாவலையில் திறந்த பல்கலைக்கழகமும் இருக்கிறது. அங்கே எந்தெந்தப் பாடம் உண்டு என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

"தீவில இருந்துகிட்டு இந்தப் படிப்பா?" என்றும் அந்தத் தகப்பனார் கேட்டார். அதற்குப் பதில் அந்தத் தீவுப்பகுதியிலேயே இருக்கிறது. நெடுந்தீவுக்குப் போகும் வழியில் உள்ள ஊர்காவற்றுறைப் பக்கம் கரம்பொன் என்ற ஊரில் 1913இல் பிறந்தவர் தனிநாயகம் அடிகளார். கத்தோலிக்கக் குருவாவதற்காக 1934இல் ரோமாபுரிக்கே போய் ஐந்து வருஷம் படித்தார். இலத்தீன் நன்றாகப் படித்தார். ஆராய்ச்சி செய்ததும் ரோமர் காலத்துக் கார்த்தேஜ் நகரத் திருச்சபையைப் பற்றி. தமிழை முறையாக அவர் படித்தது அதற்குப் பிறகுதான், திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்தபோது. சங்கப் பாட்டைக் கிரேக்க, இலத்தீன் பாட்டுகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் அவர். அப்படிப் பார்த்ததனால் தமிழின் பெருமையை உலகத்துக்கு எடுத்துச் சொல்ல அவரால் முடிந்தது. 1966இல் கோலாலம்பூரில் நடந்த முதலாவது உலகத் தமிழ் மாநாட்டுக்கு முன்னின்றவரும் அவரே. பிறத்தியாரைப் படித்தவர் நம்மைக் கூடுதலாக அறிந்துகொண்டார் என்பதற்கு இவரைவிட வேறு ஆள் தேட வேண்டியதில்லை.

அந்தக் காலத்து ரோமாபுரிக்காரருக்கும் நம்முடைய தீவைத் தெரியும். தப்ரபேன் என்று எழுதினார்கள். பிளினி என்பவர் சொல்லும் ஒரு சம்பவம் எமக்கு மிகவும் பிடித்தது. கிளாடியஸ் என்ற சக்கரவர்த்தி காலத்தில், அதாவது கி.பி. 41க்கும் 54க்கும் இடையில், செங்கடல் வரி குத்தகைக்காரர் ஒருவரின் ஆள் அராபியாவைச் சுற்றிக் கப்பலில் வரும்போது காற்று அடித்து இழுத்து 15 நாளில் இந்தத் தீவில் கொண்டுவந்து விட்டதாம். இங்கிருந்த அரசன் ஆறு மாதம் உபசரித்தான். அவரிடம் இருந்த ரோமக் காசுகளை வாங்கிப் பார்த்தான். காசுகளில் வெவ்வேறு ராசாவின் தலை இருக்கிறது, ஆனால் நிறை மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்கிறது. இவர்கள் நேர்மையான ஆட்கள் என்று நம்பி ரோமாபுரிக்கு நாலு தூதுவரை அனுப்பினான் என்பது கதை. நிறை சரியாக இருந்தால் மனுஷன் நம்புவான். கொழுந்து நிறுக்கிற இடத்தில் நிற்கும் நம் பெண்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில் ரோமக் காசுகள் கிடைத்திருக்கின்றன. மகள் தீவில் இருந்து படகேறி யாழ்ப்பாணம் வந்தால் பார்த்துவரக்கூடிய தூரம்தான்.

ஆனால் தோட்டத்துக் குடும்பம் இந்தப் பாடத்தைப் படிக்க வேண்டும் என்று நாம் சொல்வதற்கு உண்மையான காரணம் இதெல்லாம் அல்ல. காரணம் பிரஜாவுரிமை.

ஏதென்ஸில் கி.மு. 451இல் பெரிக்கிளீஸ் என்ற தலைவர் ஒரு சட்டம் கொண்டுவந்தார். தாய், தகப்பன் இருவரும் ஏதென்ஸ்காரராக இருந்தால் மட்டும் பிள்ளை பிரஜை. ஒருவர் வெளியூர் என்றாலும் பிள்ளை வெளியாள். அந்த ஊரிலேயே பிறந்து, அங்கேயே வேலை செய்து, வரியும் கட்டி, யுத்தத்துக்கும் போன ஆட்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். சபையில் அவர்களுக்கு வாக்கு இல்லை. காணி வாங்க முடியாது. பேரனுக்குப் பேரன் ஆனாலும் அந்நியர்தான்.

இதைப் படிக்கும்போது எமக்கு 1948 ஞாபகம் வந்தது. உங்களுக்கும் வரும். அந்த வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன் இந்த நாட்டில் பிறந்தவரா, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா என்று கேட்டது. லயத்தில் பிறந்த எத்தனை பேரிடம் பாட்டனின் பிறப்புப் பத்திரம் இருந்தது? 1947 தேர்தலில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் அதன்பின் வாக்கில்லாதவர்கள் ஆனார்கள். 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிப் பிரித்தார்கள். மிச்சம் இருந்த 150,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பிரித்தார்கள். கணக்கு ஒருவழியாக முடிந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான்.

பெரிக்கிளீஸ் கதைக்கு ஒரு பின்பகுதி இருக்கிறது. அவருடன் வாழ்ந்த அஸ்பேசியா என்ற அம்மா மிலேற்றஸ் என்னும் வெளியூரைச் சேர்ந்தவர். அவர்களுக்கு ஒரு மகன். பெரிக்கிளீசின் சட்டப்படி அவருடைய சொந்த மகனே பிரஜை இல்லை. பிறகு ஊரில் கொள்ளைநோய் வந்து மூத்த தாரத்துப் பிள்ளைகள் இருவரும் செத்துப் போனார்கள். அப்போது அந்தப் பெரிய தலைவர் சபைக்கு முன்னால் வந்து, தான் போட்ட சட்டத்தில் இருந்து இந்த ஒரு பிள்ளைக்கு விலக்குத் தாருங்கள் என்று இரந்து நின்றார். சபை இரங்கியது.

ரோமாபுரி வேறு வழியில் போனது. அங்கே எஜமான் முறைப்படி விடுதலை செய்த அடிமைகூடப் பிரஜையாகலாம். இத்தாலியில் இருந்த மற்ற ஊரார் "உங்களுக்காகச் சண்டைக்குப் போகிறோம், எங்களுக்கு ஏன் பிரஜாவுரிமை இல்லை" என்று கி.மு. 91இல் ரோமாபுரிக்கு எதிராகவே ஆயுதம் எடுத்தார்கள். அதற்குப் பின்தான் அவர்களுக்குக் கிடைத்தது. கி.பி. 212இல் கராகல்லா என்ற சக்கரவர்த்தி ராச்சியம் முழுவதிலும் அடிமை அல்லாத எல்லோரையும் பிரஜை ஆக்கினான். நல்ல மனது என்று உடனே சொல்லிவிட வேண்டாம். அதே காலத்தில் வாழ்ந்த டியோ என்ற சரித்திரக்காரர், வரி கட்ட ஆள் கூடட்டும் என்றுதான் கொடுத்தான் என்று எழுதியிருக்கிறார். பிரஜாவுரிமை கொடுக்கிறவனுக்கும் ஒரு கணக்கு இருக்கும். மறுக்கிறவனுக்கும் இருக்கும்.

கோயிலில் வேதாகமம் வாசிக்கும் குடும்பங்களுக்குப் புனித பவுலின் கதை தெரியும். சாட்டையால் அடிக்கக் கட்டியபோது, தான் பிறப்பால் ரோமப் பிரஜை என்று சொன்னதும் கட்டியவர்கள் பயந்துபோனார்கள். அடையாள அட்டை இல்லாமல் சோதனைச் சாவடியில் நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு அந்த அதிகாரம் வேறு மாதிரி விளங்கும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கேட்டோ என்ற ரோமப் பெரிய மனிதர் தோட்டம் நடத்துவது எப்படி என்று ஒரு புத்தகம் எழுதினார். நம்மூர்த் துரைமார் படித்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். வயலில் வேலை செய்யும் அடிமைக்கு மாரிகாலத்தில் மாதம் 4 மோடியஸ் கோதுமை, அதாவது ஏறக்குறைய 27 கிலோ. கோடையில் நாலரை. மேற்பார்வை பார்ப்பவனுக்கு 3 மட்டும், ஏனென்றால் அவன் மண்வெட்டி பிடிப்பதில்லை. (கங்காணிமார் எம்மைக் கோபிக்க வேண்டாம், எழுதியது கேட்டோ.) அடிமைகள் சுகமில்லாமல் படுத்திருந்தால் அவ்வளவு அரிசி பருப்பு - மன்னிக்கவும், கோதுமை - கொடுத்திருக்கக் கூடாது என்றும், வயது போன அடிமையைக் கிழட்டு மாட்டோடு சேர்த்து விற்றுவிடலாம் என்றும் எழுதுகிறார். நம் பாட்டன்மார் சட்டப்படி அடிமைகள் அல்லர். ஆனால் துண்டும் கடனும் அவர்களை எப்படிக் கட்டி வைத்தது என்று கேட்டவர்கள் இந்தப் பக்கத்தை வாசித்துவிட்டுச் சும்மா புரட்டிப் போக மாட்டார்கள்.

இனிச் செய்ய வேண்டியவை. வெளிவாரிப் பதிவுக்குப் பொதுவாக உயர்தரச் சித்தி கேட்பார்கள். காசு கட்டும் முன்னமே இந்தப் பாடத்தைத் தமிழில் எழுதலாமா என்று கடிதம் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். இதில் ஏமாந்தால் ஒரு வருஷம் வீண். கடந்தகால வினாத்தாள்களை முதலில் தேடுங்கள், பிறகு புத்தகம். பெயர்கள் ஒரு புத்தகத்தில் சோக்கிரதீசு என்றும் இன்னொன்றில் சாக்ரடீஸ் என்றும் இருக்கும். பயப்பட வேண்டாம், ஒரே ஆள்தான். பிறப்புப் பத்திரத்திலும் அடையாள அட்டையிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டத்தில் பதிந்த பெயர் பிழையாகவே இருக்கும் என்பது எமது அனுபவம். திருத்துவதற்கு மாதங்கள் போகும்.

தீவில் இருப்பவர்களுக்கு இன்னொரு கஷ்டம். நெடுந்தீவில் இருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஒரு மணித்தியாலம், பிறகு யாழ்ப்பாணத்துக்கு பஸ். காற்றுக் கடுமை என்றால் படகு ஓடாது. பரீட்சைக்கு அன்று காலையில் புறப்படலாம் என்று இருக்கக் கூடாது. இரண்டு நாள் முந்தியே கரைக்கு வந்து தங்க வேண்டும், அந்தச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பிள்ளையைத் தூங்கவைத்த பிறகு ராத்திரியில்தான் படிக்க நேரம் கிடைக்குது என்று அந்த மகள் எழுதியிருக்கிறார். அவருக்குப் படகு ஒரு பரீட்சை, பாடம் இன்னொரு பரீட்சை.

இதில் பாதியையாவது அந்தத் தகப்பனாருக்கு வாயால் சொன்னோம். பிரஜாவுரிமைச் சங்கதி வந்ததும் அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருடைய அப்பா பாஸ்போர்ட்டுக்கு எழுதிக்கொடுத்துவிட்டுக் கப்பலுக்குப் போகாமலே காலமானவர். கடைசியில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தப் பெரியவரோட மகனுக்குப் பொறகு என்னாச்சு ஐயா?"

சொன்னோம். பிரஜை ஆக்கப்பட்ட அந்த மகன் தளபதியாகி, கி.மு. 406இல் ஒரு கடற்சண்டையில் ஜெயித்தான். சண்டையில் சேதமான கப்பல்களின் ஆட்களைக் காப்பாற்றவில்லை என்று அதே ஏதென்ஸ் சபை அவனுக்கும் மற்றத் தளபதிகள் ஐந்து பேருக்கும் மரண தண்டனை விதித்துக் கொன்றது.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "காசுக்கட்டளை எழுதித் தாங்க, கையெழுத்து நான் வைக்கிறேன்" என்றார்.