முகப்பு மாறாமல் வளரும் வீடு

புதுச்சேரியின் பெரிய வாய்க்காலுக்கு மேற்கேயுள்ள பழைய தமிழர் வீதிகளில் வீடு கதவுக்கு உள்ளே தொடங்குவதில்லை. தெருவை ஒட்டி முதலில் தாழ்வாரம். மரத்தூண்கள் தாங்கும் சாய்வான ஓட்டுக்கூரை அதற்கு நிழல் தரும். அடுத்தது, வருவோர் அமரும் திண்ணை. அதன் பின்னரே வேலைப்பாடு மிக்க தலைவாசலும், அதற்கப்பால் வானம் தெரியும் முற்றமும். ஒரு வீட்டின் தாழ்வாரம் முடியும் இடத்தில் அடுத்த வீட்டின் தாழ்வாரம் தொடங்கும். அவ்வரிசையில் ஒருவர் மட்டும் தூண்களை அகற்றிவிட்டுத் தெரு விளிம்புவரை கான்கிரீட் சுவர் எழுப்பினால், இழப்பு அவ்வீட்டோடு நிற்பதில்லை. வீதி முழுவதன் கோடும் முறிந்துவிடுகிறது.

வீட்டுக்கடன் விண்ணப்பங்களுக்காக வீடுகளைப் பார்வையிடும் பொறியாளன் என்ற முறையில், சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய வீதி ஒன்றிலுள்ள வீட்டுக்குச் சென்றிருந்தேன். 24 அடி முகப்பு, 110 அடி ஆழம். எழுபது வயதைக் கடந்த தம்பதியர்; வெளியூர்ப் பணியை விட்டுத் திரும்பும் மகன், மருமகள், இரு குழந்தைகள். அவர்களுக்குத் தேவைப்பட்டவை தரைத்தளத்தில் முதியோர் எளிதில் பயன்படுத்தும் குளியலறை ஒன்றும், கூடுதலாக இரு படுக்கையறைகளும் மட்டுமே. ஒப்பந்தக்காரர் கொடுத்திருந்த வரைபடமோ தாழ்வாரத்தையும் திண்ணையையும் இடித்து, அங்கே ஒரு கடையையும் அதன்மேல் இரு அறைகளையும் காட்டியது. பெரியவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. திண்ணையில் அமர்ந்தபடியே கையெழுத்திடப் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

வீட்டின் பின்புறம் சென்று பார்த்தேன். கிணற்றடிக்கும் பின்சுவருக்கும் இடையே முப்பது அடிக்குக் குறையாத இடம் பழைய விறகும் உடைந்த ஓடுகளுமாகக் கிடந்தது. அவர்களுக்கு வேண்டிய இடம் முழுவதும் அங்கேயே இருந்தது. யாரும் அந்தக் கோணத்தில் வீட்டை நோக்கவில்லை, அவ்வளவே. வீட்டைப் பெரிதாக்குவது என்றாலே முன்பக்கத்தை மாற்றுவது என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம்.

பழைய வீட்டில் புதிதாக எதையும் சேர்க்கலாகாது என்பது இதன் பொருளன்று. புதுச்சேரியே இதற்குச் சான்று. நாட்குறிப்பால் புகழ்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளையின் பதினெட்டாம் நூற்றாண்டு மாளிகையில் கீழ்த்தளம் வேலைப்பாடமைந்த மரத்தூண்களோடு நம் மரபில் விளங்க, மேல்தளம் ஐரோப்பியப் பாணி வெண்தூண்களோடு நிற்கிறது. தமிழர் பகுதியின் மாடி வீடுகள் பலவற்றிலும் இதே இணைப்பைக் காணலாம்: கீழே தாழ்வாரமும் திண்ணையும், மேலே வளைவு ஜன்னல்களும் கைப்பிடிச் சுவர் அலங்காரங்களும். மேல்தளம் கீழ்த்தளத்தைப் போலி செய்யவில்லை. தன் காலத்தின் பாணியிலேயே அமைந்தது. ஆயினும் கீழுள்ள திறப்புகளின் நேர்க்கோட்டிலேயே மேலுள்ள திறப்புகள் வருகின்றன. தாழ்வாரத்தின் சாய்கூரையை அது நெருக்குவதில்லை.

ஆகவே, வரைபடம் தயாரிப்பதற்கு முன்னரே வீட்டின் தன்மை எதில் உள்ளது என்பதைக் கண்டறிவது நலம். எதிர்ச்சாரியில் நின்று கால்மணி நேரம் பார்த்தாலே பெரும்பகுதி விளங்கிவிடும். கூரையின் சாய்வு, தாழ்வார விளிம்பின் உயரம், தூண்களுக்கிடையிலான தூரம், சுவருக்கும் திறப்புக்கும் உள்ள விகிதம் ஆகியவையே வீட்டுக்கு முகம் தருகின்றன. பழைய ஜன்னல்கள் பெரும்பாலும் அகலத்தைவிட உயரம் மிகுந்தவை. அவற்றை எடுத்துவிட்டு அகலமான நகரும் கண்ணாடி ஜன்னல்களைப் பொருத்தினால், வேறு எதையும் தொடாவிட்டாலும் வீடு அடையாளம் தெரியாமல் போய்விடும். வண்ணம் அப்படியன்று. அடுத்த ஆண்டே மாற்றிவிடக்கூடியதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. தூண், நிலை, கதவு, கைப்பிடிச் சுவர் ஒவ்வொன்றையும் புகைப்படம் எடுத்து, அளந்து, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வேலை தொடங்கியபின் நினைவை நம்பக்கூடாது.

மாடியில் அறை கட்டியே தீரவேண்டும் என்றால், அது தெருவிலிருந்து தெரியாதவாறு எவ்வளவு பின்னால் தள்ள வேண்டும் என்பதை எளிய கணக்கால் அறியலாம். தெரு 30 அடி அகலம். எதிர்ப்புறம் நிற்பவரின் கண் மட்டம் 5 அடி. உங்கள் கைப்பிடிச் சுவரின் உச்சி 16 அடி. புதிய அறையின் உச்சி 24 அடி என்று கொள்வோம். கண்ணிலிருந்து கைப்பிடிச் சுவரின் உச்சியைத் தொட்டு மேலே செல்லும் கோடு, முகப்பிலிருந்து ஏறத்தாழ 22 அடி பின்னால்தான் 24 அடி உயரத்தை எட்டும். அதற்குப் பின்னால் அறை அமைந்தால் எதிர்ச்சாரியில் நிற்பவருக்கு அது தெரியாது. கணக்கில் நம்பிக்கை இல்லாதவர்கள் மாடியில் இரு மூங்கில்களை நட்டு, உரிய உயரத்தில் கயிற்றைக் கட்டி, தெருவில் இறங்கிப் பார்க்கலாம். இதைவிட மலிவான சோதனை வேறில்லை.

ஆனால் மாடி தாங்குமா என்பது தனிக் கேள்வி. பழைய வீடுகளின் தட்டைக் கூரை பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ் எனப்படும் முறையில் அமைந்தது. மர உத்திரங்களின்மேல் மரச்சட்டங்கள். அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களை விளிம்பு நிமிர்த்திச் சாய்வரிசையாகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து இறுக்கி, தட்டோடு பதிப்பார்கள். ஆட்கள் நடமாடவும் வடகம் காயவைக்கவும் அது போதும். கான்கிரீட் அறையைச் சுமக்க அது செய்யப்படவில்லை. மரத்தின் முனைகள் சுவருக்குள் ஈரத்தில் மக்கியிருந்தால் வெளியிலிருந்து தெரியவும் தெரியாது. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் உத்திர முனைகளைத் திறந்து பார்த்துச் சான்றளிக்காமல் மேலே ஒரு செங்கல்லையும் ஏற்றக்கூடாது. புதிய தளத்தின் எடையைத் தனி அடித்தளத்தில் எழும் தனித் தூண்களின்மேல் இறக்குவதே பாதுகாப்பு. பின்புறம் கட்டும் அறைகளுக்கும் அவ்வாறே தனி அடித்தளம் அமைத்து, பழைய சுவருக்கும் புதிய சுவருக்கும் இடையே சிறு இடைவெளி விட்டு இணைப்பது நல்லது. பழைய கட்டடம் அமர்ந்து முடிந்துவிட்டது. புதியது இனித்தான் அமரும். இரண்டையும் இறுகப் பிணைத்தால் விரிசல் விழும் இடம் எது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

சுவர்ப்பூச்சில்தான் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தவறுகள் மிகுதி. சுண்ணாம்புச் சாந்தில் எழுந்த பழைய சுவர்களின் அடியில், ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு பெரும்பாலும் இராது. நிலத்தின் ஈரம் சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியே காற்றில் கலந்துவிடும். அச்சுவர்கள் நூறாண்டு நின்றதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. ‘பழைய பூச்சு உதிர்கிறது, சிமெண்ட் பூசினால் உறுதியாகிவிடும்’ என்று கொத்தனார் சொல்வார், வீட்டுக்காரரும் ஒப்புவார். இரண்டு மழைக்காலம் ஒன்றும் ஆகாது. வெளியேற வழியற்ற ஈரம் சிமெண்ட் பூச்சுக்குப் பின்னால் தேங்கி, முன்பு இரண்டடியில் நின்ற ஓதம் நான்கு, ஐந்து அடிக்கு ஏறும். கூடவே வரும் உப்பு பூச்சுக்கு அடியில் படிகமாகிப் பொரியும். கடலோர ஊர்களில் உப்பு ஏற்கெனவே மிகுதி. அப்போது சிமெண்ட்டைப் பெயர்த்தால், அதைவிட மென்மையான பழைய செங்கல்லின் முகமும் சேர்ந்து பெயர்ந்து வரும். ஈரத்தை உள்ளே அடைக்கும் வெளிப்புற பெயிண்ட்டுகளும் இதே தீங்கைச் செய்கின்றன. இதற்காகவே இரண்டாம் முறை கடன் கேட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே மருந்து. நன்கு நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பும் சலித்த மணலும் அடிப்படை. கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்க்கும் வழக்கம் நம் பகுதிகளில் இன்றும் தெரிந்த கொத்தனார்களிடம் உண்டு. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உட்கொண்டு கல்லாக இறுகுவதால், மெல்லிய பூச்சுகளாக இட்டு, ஒவ்வொன்றையும் ஈரம் காத்து ஆறவிட வேண்டும். அவசரப்படுத்தினால் வெடிக்கும். மழைக்காலத்திற்கு முன் முடியுமாறு திட்டமிடுங்கள். கூலி நாட்கள் கூடும் என்பதை மறைப்பதற்கில்லை.

ஊர் மாறினால் பொருள்கள் மாறும்; கேள்வி மாறுவதில்லை. கோவாவின் பழைய வீடுகளில் கண்ணாடிக்குப் பதிலாகச் சிப்பி ஓடுகள் பதித்த ஜன்னல்கள் மென்மையான ஒளியைத் தருகின்றன. வாயிலின் முன்னுள்ள ‘பால்காவ்’ எனும் மேடை நம் திண்ணையின் உறவு. அதைக் கம்பிக்கூண்டு போட்டு அடைத்துவிட்டால் வீடு தெருவோடு பேசுவதை நிறுத்திவிடும். 2017-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய நகரமாக அறிவிக்கப்பட்ட அகமதாபாத்தின் பழைய ‘போள்’ குடியிருப்புகளில், செங்கல் சுவர்களுக்கு இடையே மரச்சட்டங்கள் பிணைப்பாக ஓடுகின்றன. 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில் அந்நகரின் புதிய அடுக்குமாடிகள் பல இடிந்து விழுந்தன. மரப் பிணைப்புள்ள பழைய வீடுகளில் பெரும்பாலானவை நின்றன. முகப்பின் மரவேலையை அழகுப் பொருளென்று எண்ணிப் பிரித்து விற்பவர்கள், சில வேளைகளில் வீட்டின் எலும்பையே விற்றுவிடுகிறார்கள். அங்கே பாரம்பரிய வீட்டு உரிமையாளர்கள், தாங்கள் பயன்படுத்தாத கட்டுமான உரிமையைப் பிறருக்கு விற்று, அத்தொகையைப் பராமரிப்புக்குச் செலவிட மாநகராட்சி விதிகள் இடமளிக்கின்றன.

அனுமதிகளைக் கடைசியாக வைத்துக்கொள்வது ஆபத்து. மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள நினைவுச்சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானம் தடை; அங்குள்ள வீட்டைப் பழுதுபார்க்கவும் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தின் வழியே அனுமதி பெறவேண்டும். அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட பகுதி. கோயில்களும் கோட்டைகளும் அருகிலிருக்கும் பழைய ஊர்களில் பலர் இதை அறியாமல் அடித்தளம் தோண்டிவிடுகிறார்கள். உள்ளாட்சியின் பாரம்பரியப் பட்டியலில் வீடு இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள்.

இனி, பணம். வீட்டை விரிவாக்கவும் புதுப்பிக்கவும் வங்கிகள் கடன் வழங்குகின்றன. உரிமை ஆவணங்கள், அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், பொறியாளரின் செலவு மதிப்பீடு ஆகியவை தேவைப்படும். தொகை வேலையின் முன்னேற்றத்துக்கேற்பக் கட்டங்கட்டமாகவே விடுவிக்கப்படும். சுண்ணாம்பு வேலையில் காத்திருக்கும் வாரங்கள் உண்டென்பதை மதிப்பீட்டிலேயே குறிப்பிட்டுவிட்டால் பின்னர் சிக்கல் எழாது. அனுமதியின்றிக் கட்டிய பகுதியை மதிப்பீட்டில் பொதுவாகச் சேர்ப்பதில்லை. பூர்வீக வீடுகளில் பாகப்பிரிவினை நடக்காமலே இரண்டு தலைமுறை கடந்திருக்கும். உடன்பிறந்தோர் அனைவரின் ஒப்புதலும் கிட்டுவதற்குள் சிமெண்ட் விலை இருமுறை மாறிவிடும் என்பது எங்கள் அலுவலக வேடிக்கை. ஆகவே அதை முதலில் முடியுங்கள்.

வருமான வரியில் ஒரு வேறுபாடு கவனத்துக்குரியது. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர், தாம் குடியிருக்கும் வீட்டைக் கட்டவோ வாங்கவோ பெற்ற கடனின் வட்டியில் நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஆண்டுக்கு 2,00,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம்; பழுதுபார்க்கவோ புதுப்பிக்கவோ பெற்ற கடனாயின் வரம்பு 30,000 ரூபாயே. புதிய வரி முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு இக்கழிவு இல்லை. உங்கள் வேலை இவற்றுள் எதில் சேரும் என்பதைக் கடன் பெறுவதற்கு முன்பே தணிக்கையாளரிடம் கேட்டறிக. விரிவாக்கச் செலவின் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். பிற்காலத்தில் வீட்டை விற்க நேர்ந்தால், மூலதன ஆதாயக் கணக்கில் மேம்பாட்டுச் செலவாக அவை உதவும்.

நான் குறிப்பிட்ட குடும்பம் வரைபடத்தை மாற்றியது. மகனுக்குத் தயக்கம் இருந்தது. கடை வாடகையாக வரக்கூடிய தொகையைக் காகிதத்தில் எழுதியே காட்டினார். அவ்விழப்பு உண்மையானது, இன்றும் அவர் அதைக் குறிப்பிடுவதுண்டு. கிணற்றடிக்கு அப்பால் இரு அறைகளும் படிகளற்ற குளியலறையும் எழுந்தன; பழைய கட்டடத்தையும் புதியதையும் ஓடு வேய்ந்த சிறு நடை இணைக்கிறது. ஏ.சி. இயந்திரங்களும் தண்ணீர்த் தொட்டியும் பின்பக்கம் போயின. தாழ்வாரத்தில் மக்கிப்போன இரு தூண்களின் அடிப்பகுதியை மட்டும் வெட்டி, அதே வகை மரத்தில் தச்சர் ஒட்டுப் போட்டார். கடனின் இறுதித் தவணைக்காகப் பார்வையிடச் சென்றபோது பெரியவர் திண்ணையில் இருந்தார். ஒட்டுப் போட்ட தூண்கள் எவை என்று கேட்டேன். அவர் காட்டியபின்தான் எனக்குத் தெரிந்தது.