பழைய பேப்பர் கடைக்குப் போடும் முன்

தமிழ்நாட்டில் வீட்டுப் பொருள்கள் மறுசுழற்சிக்குப் போகும் முதல் வாசல் தெருமுனைப் பழைய பேப்பர் கடைதான். உள்ளாட்சிகள் உலர் கழிவுக்கென மையங்கள் நடத்தினாலும், எடை போட்டுக் கையில் காசு தரும் கடைக்கு உள்ள மவுசு அவற்றுக்கு இல்லை. மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயக் கழிவு எனப் பிரித்துத் தரும் பொறுப்பை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டாரிடமே விட்டன. அந்தப் பிரிப்பு சரியாக நடந்தால்தான் கடைக்காரர் தராசை எடுப்பார்.

செய்தித்தாள், நோட்டு, அட்டைப்பெட்டி மூன்றுக்கும் விலை வேறு. காகிதத்தைக் கூழாக்கும் ஒவ்வொரு முறையும் அதன் நார் குட்டையாகிறது. ஐந்தாறு சுற்றுக்குப் பின் தாளாகும் வலு அதற்கு இருக்காது. எண்ணெய் பட்ட தாளோ முதல் சுற்றுக்கே உதவாது. பஜ்ஜி மடித்த காகிதம் ஒன்றிரண்டு கலந்தாலும் கட்டு முழுவதும் தரம் இறங்கும். வழவழப்பான ஏடிஎம் சீட்டும் கடை பில்லும் ரசாயனம் பூசியவை. அவற்றைத் தாளோடு சேர்க்கக் கூடாது.

பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை ஓர் எண் இருக்கும். அது பிளாஸ்டிக்கின் வகையைச் சொல்கிறதே தவிர, மறுசுழற்சி ஆகும் என்று உத்தரவாதம் தருவதில்லை. 1 என்றால் தண்ணீர் பாட்டில், 2 என்றால் பெரும்பாலும் ஷாம்பு, பினாயில் பாட்டில்கள். இரண்டும் எளிதில் விலை போகும். பால் கவரைக் கழுவிக் காயவைத்தால் அதையும் எடைக்கு வாங்குவார்கள். வெட்டும்போது மூலையைத் துண்டாக்காமல் தொங்கவிடுவது நல்லது. அந்தத் துணுக்கை யாரும் பொறுக்குவதில்லை, நேரே சாக்கடைக்குத்தான் போகிறது. சிப்ஸ் பாக்கெட்டில் பிளாஸ்டிக்கும் அலுமினியப் பூச்சும் ஒட்டியிருப்பதால் கடையில் எடுக்கமாட்டார்கள்.

கண்ணாடி கனம் அதிகம், காசு குறைவு. அலுமினியத்துக்கு எப்போதும் கிராக்கி உண்டு: பழையதை உருக்க, தாதுவிலிருந்து புதிதாக எடுக்கத் தேவைப்படும் ஆற்றலில் சுமார் 5 சதவீதமே போதும்.

டியூப் லைட்டில் பாதரசம் இருக்கிறது. உப்பிய செல்போன் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். பழைய ஒயரைச் செம்புக்காகக் கொளுத்தினால் எழும் புகை நஞ்சு. இவை மூன்றையும் பேப்பர் மூட்டையில் போடாமல், அங்கீகாரம் பெற்ற மின்கழிவுச் சேகரிப்பாளரிடம் தனியே கொடுங்கள்.